உங்கள் துப்பாக்கி தயார்

செப்டம்பர் 30, செவ்வாய்

இன்றும் பகல் முழுக்க நான்கு பேர் துப்பாக்கிக் கடைக் கவுண்டர் ஓரத்தில் உட்கார்ந்து காபி குடித்தார்கள். வாங்கியது ஒன்றுமில்லை. ஒருவர் மட்டும் துப்பாக்கி எண்ணெய் பாட்டிலைத் திறந்து மோந்துபார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார்.

கடைக்காரி பெவ் டெர்வோ எதுவும் சொல்வதில்லை. காபி தீர்ந்தால் இன்னொரு கெட்டில் போடுகிறார். நான் முன்பு இருந்த நெடுஞ்சாலைப் பெரிய கடையில் ஒவ்வொரு பழுதுக்கும் கெடு உண்டு. இங்கே கெடு என்றால், "சனிக்கிழமை வாக்குல பாரு." எந்தச் சனிக்கிழமை என்று கேட்டால் சிரிக்கிறார்கள்.

நன்றிகெட்டவனாக எழுதக்கூடாது. பெரிய கடையில் என்னை அனுப்பிவிட்டார்கள். நாங்களே விற்ற துப்பாக்கித் தொலைநோக்கியைக் குப்பை என்று வாங்கியவரிடமே சொன்னதற்காக. (குப்பைதான்.) அந்த ஆள் நேராக இங்கே வந்து கதையைச் சொல்ல, பெவ் கேட்ட ஒரே கேள்வி: "அந்தப் பையன் இப்ப எங்க இருக்கான்?" அடுத்த வாரம் எனக்கு வேலை. துப்பாக்கிப் பழுதுபார்ப்பில் இரண்டு வருடப் படிப்பு படித்தவனுக்கு மிச்சிகனின் இந்த வடக்கு மூலையில் வேறு எங்கே பட்டறை கிடைக்கும்?

அக்டோபர் 4, சனி

வீடு வீடாகத் தபால் போடும் ஜோலீன் இரண்டு பெட்டி தோட்டா வாங்கினாள். பெரிய கடையைத் தாண்டித்தான் இங்கே வரவேண்டும். அங்கே விலை குறைவு என்று நானே அவளிடம் சொன்னேன். பெவ் காதில் விழும்படி. ஏன் இப்படிச் செய்கிறேன்?

ஜோலீன் சொன்னது: "அங்க ஒருத்தன், இது உங்க வீட்டுக்காரருக்கான்னு கேட்டான். என் வீட்டுக்காரருக்கு எலியப் பாத்தாலே உதறும்."

சரி. ஒரு வாடிக்கையாளர் கணக்குப் புரிந்தது. மற்றவர்கள் கணக்கு புரியவில்லை.

அக்டோபர் 9, வியாழன்

லெனார்டு சால்மியின் ரைஃபிள் செப்டம்பர் நடுவிலிருந்து ரேக்கில் கிடக்கிறது. சுட்ட தோட்டாவின் கூட்டை இழுத்து வெளியே தள்ளும் கொக்கி உடைந்திருக்கிறது. சின்ன வேலை. பெவ்விடம் இரண்டு தடவை கேட்டுவிட்டேன். "அது அவசரமில்ல, கடைசியா பாத்துக்கலாம்" என்கிறார்.

நவம்பர் பதினைந்து மான் வேட்டை திறக்கிறது. அது வாரநாளில் வந்தால் இந்த ஊரில் பள்ளிக்கூடமே நடக்காது. அவசரமில்லையாம்! லெனார்டு சுரங்கத்தில் தாது லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். முதல் துப்பாக்கியே இந்தக் கடையில் வாங்கியவர். ஜூலையில்தான் மனைவி கேரல் இறந்துபோனார். அந்த மனுஷனையா இழுத்தடிப்பது? வாடிக்கையாளர் ஓடமாட்டார் என்று தெரிந்தால் கடைக்குச் சோம்பல் வந்துவிடும் போல.

அக்டோபர் 14, செவ்வாய்

கடைக் கணினியில் ஒன்று செய்து முடித்தேன். வேலை முடிந்தது என்று நான் குறித்த உடனே அந்த ஆளின் போனுக்கு மெசேஜ் போகும்: 'உங்கள் துப்பாக்கி தயார். வந்து வாங்கிக்கொள்ளவும்.' பெவ் எட்டிப் பார்த்து, "நல்லாருக்கே" என்றார். பிறகு காபி போடப் போய்விட்டார்.

அக்டோபர் 22, புதன்

லெனார்டு வேலையை முடித்துவிட்டேன். வரவழைத்த கொக்கி சரியாக உட்காரவில்லை, நானே அரம் போட்டு உட்காரவைத்தேன். வெற்றுத் தோட்டா போட்டுப் போட்டு இழுத்தேன், ஒருமுறைகூட மாட்டவில்லை. குறித்தேன். மெசேஜ் போனது.

பெவ் நாளை எஸ்கனாபாவில் கண் டாக்டரிடம் போகிறார். திரும்பி வந்து பார்த்தால் ரேக் காலியாக இருக்கும். அசந்துபோகட்டும்.

அக்டோபர் 23, வியாழன்

கடை திறந்ததும் லெனார்டு வந்தார். காபி வேண்டாம் என்றார். உட்காரவும் இல்லை. கொக்கி எப்படி வேலை செய்கிறது என்று விளக்கினேன், பொறுமையாகக் கேட்டார். பேரம் பேசவில்லை. போகும்போது கை கொடுத்தார். "இத்தன வருஷம் நல்லா கவனிச்சீங்க. பெவ்கிட்ட சொல்லிடு தம்பி."

இங்கே வந்ததிலிருந்து ஒருவர் வாயிலிருந்து முழுதாக ஒரு நன்றி வந்தது இதுதான் முதல்தடவை. சேவை என்றால் இது.

அதே நாள், மாலை

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

மதியம் பெவ் வந்தார். கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டிருந்ததால் கறுப்புக் கண்ணாடி. நான் பெருமையாகச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். "என்ன சொன்னாரு? அவரு சொன்னத அப்படியே சொல்லு." சொன்னேன். அப்போதுதான் பெவ் எனக்கு விஷயத்தைச் சொன்னார்.

செப்டம்பரிலேயே லெனார்டின் மகள் கிறிஸ்டா கிரீன் பேயிலிருந்து பெவ்வுக்குப் போன் செய்திருக்கிறாள். அப்பா பேச்சு சரியில்லை, அம்மா போனபிறகு தனக்கும் போதும் என்கிற மாதிரி பேசுகிறார். வீட்டில் இருந்த மற்ற துப்பாக்கிகளை அவள் கொண்டுபோய்விட்டாள். இது ஒன்றுதான் கடையில். எதையாவது சொல்லித் தள்ளிப்போடுங்கள், ப்ளீஸ் என்றாளாம். அதைத்தான் பெவ் செய்துகொண்டிருந்தார். அந்தச் சோம்பல். அந்த "அவசரமில்ல".

நான் கொக்கியை அரம் போட்டு உட்காரவைத்தேன். மெசேஜ் அனுப்பினேன். ஐயோ.

பெவ் போன் போட்டார். லெனார்டு எடுக்கவில்லை. கண் மங்கலோடு அவரால் வண்டி ஓட்ட முடியாது. "நீ போ. நான் கிறிஸ்டாவக் கூப்பிட்டுட்டு, ஆள் பிடிச்சு பின்னாடியே வரேன்." என்ன சொல்வது என்று கேட்டேன். "தெரியலடா. போ."

கதவு பூட்டியிருக்கவில்லை. லெனார்டு சமையலறையில் ஃபிரிட்ஜைக் கழுவிக்கொண்டிருந்தார். உள்ளே இருந்ததெல்லாம் குப்பைப் பையில். மேசைமேல் சாவிகள், ஒவ்வொன்றிலும் ஒட்டுத்தாள்: 'கிறிஸ்டா, வண்டி.' 'கிறிஸ்டா, காட்டுக் குடில்.' துப்பாக்கி உறைக்குள்ளேயே சுவரில் சாய்ந்திருந்தது. உறையின் ஜிப் திறந்திருக்கவில்லை. அதைப் பார்த்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது.

"என்னடா பையா, அதுக்குள்ள திரும்ப வந்துட்ட?"

அந்தக் கொக்கி தப்பு, திரும்ப எடுத்துக்கொண்டு போகவேண்டும் என்றேன்.

"ஒருமுறைகூட மாட்டலன்னு காலையில நீதான பீத்திக்கிட்ட."

எனக்குப் பொய் வராது. வந்ததே இல்லை. துப்பாக்கிக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றுகொண்டேன், வாயில் வந்ததைக் கேட்டேன்.

"லெனார்டு, நீங்க சாகப்போறீங்களா?"

குழாயை மூடினார். கையைத் துணியில் துடைத்தார். புது வண்டி வாங்குகிறீர்களா என்று கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல, "யோசிச்சிட்டிருக்கேன்" என்றார்.

"அப்ப இத நான் எடுத்துட்டுப் போறேன்."

"அது என்னோடது."

"உங்களோடதுதான். எங்க கடையில இருக்கும்."

"எப்ப திருப்பித் தருவ?"

"தெரியாது."

"இதுதான் உங்க கடை சர்வீசா?"

"ஆமா. இதுதான்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. நானும் எதிரில் உட்கார்ந்தேன். அவராகவே பேசினார். மூன்று மாதமாக ஊரே வந்து சாப்பாடு வைத்துவிட்டுப் பனி எப்போது விழும் என்று பேசிவிட்டுப் போனதாம். யாரும் இதைக் கேட்கவில்லையாம். கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்றேன். "போய் வேலையப் பாருன்னு சொல்லியிருப்பேன்" என்றார்.

பெவ் வந்தார். ஜோலீன் தபால் வண்டியிலேயே ஓட்டிக்கொண்டு வந்திருந்தாள், பாதி ஊர் கடிதம் பின்னால் கிடக்க. பெவ் அவரைத் திட்டவும் இல்லை, தடவிக்கொடுக்கவும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "கெழவா, என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல" என்றார். அவ்வளவுதான்.

நான் துப்பாக்கியைத் தூக்கியபோது லெனார்டு நிறுத்தினார். ரசீது வேண்டுமாம். "முப்பது வருஷ வாடிக்கையாளன்டா நான். சும்மா தூக்கிட்டுப் போவியா?" எழுதினேன். பழுது என்கிற இடத்தில் என்ன போடுவது என்று அவரையே கேட்டேன்.

"துப்பாக்கியில ஒண்ணுமில்லன்னு போடு."

அப்படியே போட்டேன்.

கிறிஸ்டா வரும்வரை எல்லோரும் அங்கேயே இருந்தோம். இருட்டுமுன் வந்துவிட்டாள். அவரைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு நேராக மருத்துவமனைக்குப் போனாள்.

அக்டோபர் 24, வெள்ளி

வேலை போய்விட்டது என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். பெவ் முதலில் தன்னைத்தான் நொந்துகொண்டார். என்னிடம் சொல்லியிருக்கவேண்டும் என்றார். ஏன் சொல்லவில்லை என்றேன்.

"நீ மூஞ்சிக்கு நேரா அவருகிட்டயே கேட்டுடுவியோன்னு பயந்தேன்."

கேட்டிருப்பேன் என்றேன்.

"அதான் கேட்டுட்டியே," என்றார். மூக்கைச் சிந்திக்கொண்டு கெட்டிலை எடுத்துக்கொண்டு போனார்.

மெசேஜ் ஏற்பாட்டைக் கழற்றிவிட்டேன். கணினியில் பிழை இல்லை. ஆனாலும் கழற்றிவிட்டேன். இனி நானே போன் செய்து, ஆள் குரலைக் கேட்டுவிட்டுத்தான் வரச்சொல்வேன்.

அக்டோபர் 29, புதன்

போன் செய்வது கொடுமை. ஜோலீன் தன் நாயின் மூட்டுவலியை முழுதாகச் சொன்னாள்.

நவம்பர் 3, திங்கள்

கிறிஸ்டா வந்தாள். ஒரு தட்டு நிறையப் பேஸ்டி: மாவுக்குள் கறியும் உருளைக்கிழங்கும் வைத்துச் சுட்டது, இன்னும் சூடாக. நான் தட்டை வாங்கவில்லை. துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்ததே நான்தான், மெசேஜ் அனுப்பியதும் நான்தான் என்று சொன்னேன். தெரியாமல் நன்றி சொல்லிவிட்டுப் போகக்கூடாது இல்லையா?

"தெரியும். அப்பா சொன்னாரு. கோவமா வந்துச்சு உங்க மேல. வீட்டுலேர்ந்து இங்க வர்ற வரைக்கும் திட்டிக்கிட்டேதான் வந்தேன்."

இப்போது எப்படி என்றேன்.

"பேஸ்டி ஆறுது. வாங்கிக்குங்க."

அப்பா வீடு திரும்பிவிட்டார், கொஞ்ச நாள் தானும் கூட இருப்பதாகச் சொன்னாள். புதன்கிழமைதோறும் எஸ்கனாபாவில் ஒரு மனநல டாக்டரிடம் போய்ப் பேசிவிட்டு வருகிறார். முதல்நாள் போய்விட்டு வந்து, டாக்டருக்குக் காபி போடவே தெரியவில்லை என்றாராம்.

நான்கு பேஸ்டி தின்றேன். இவர்கள் வீட்டுச் சாப்பாட்டைத் தின்ன எனக்கு என்ன உரிமை? ஆனாலும் தின்றேன்.

நவம்பர் 15, சனி

மான் வேட்டை திறப்பு. ஊரில் ஒரு ஆள் இல்லை. பெவ் மதியத்தோடு கடையை மூடினார். லெனார்டு தன் கூட்டாளிகளோடு காட்டுக் குடிலுக்குப் போயிருக்கிறார் என்று கிறிஸ்டா போன் செய்தாள். கூட்டாளிகளிடம் அவரே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாராம். இரவில் துப்பாக்கிகளை எல்லாம் வண்டியில் பூட்டிச் சாவியை ஒருவர் கழுத்தில் மாட்டிக்கொள்கிறார். லெனார்டுக்கு இந்த வருடம் சமையல் வேலை.

நானும் விடுப்பு எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. மூடிய கடையில் தனியாக உட்கார்ந்து, லெனார்டின் துப்பாக்கியைப் பூட்டிவைத்த இரும்பு அலமாரிக்கு எண்ணெய் போட்டேன்.

நவம்பர் 21, வெள்ளி

குடிலிலிருந்து வந்தவர்கள் கவுண்டரில் ஒரே கூச்சல். யாருக்கும் பெரிய மான் இல்லை. லெனார்டு வைத்த குழம்பை நாய்கூட முகர்ந்துவிட்டுத் தள்ளிப்போனது என்று ஒருவர். "அப்ப மூணு தட்டு தின்னது யாரு, நாயா?" என்று லெனார்டு.

அவர் உட்கார்ந்திருந்தார். காபியோடு. ஒன்றும் வாங்கவில்லை. போகும்போது நன்றியும் சொல்லவில்லை. எனக்கு எவ்வளவு நிம்மதி!

டிசம்பர் 12, வெள்ளி

லெனார்டிடம் நேராகவே கேட்டேன், எப்படி இருக்கிறீர்கள் என்று. நான் எந்த அர்த்தத்தில் கேட்கிறேன் என்று அவருக்குத் தெரியும். ராத்திரி மோசம், பகல் பரவாயில்லை என்றார். துப்பாக்கி வேண்டுமா என்றேன். இன்னும் இல்லை என்றார். சரி என்றேன். பிறகு என் அரத்தை எடுத்துப் பார்த்து, இது மட்டமான சரக்கு என்றார். மட்டமான சரக்கேதான்.

ஜனவரி 13, செவ்வாய்

முழங்கால் வரை பனி. யாரும் வரமாட்டார்கள் என்று பெவ் வீட்டுக்குப் போய்விட்டார்.

மதியம் லெனார்டின் வண்டி வந்து நின்றது. கூடவே இன்னொரு ஆள், பழைய சுரங்கக் கூட்டாளியாம், ஃபிராங்க். கண்ணுக்குக் கீழே கறுத்து, பல நாள் தூங்காத முகம். கையில் நீள உறை. வாசல் மிதியடியிலேயே நின்றுகொண்டார், ஷூவில் பனி என்று சொல்லி.

"உள்ள வாடா ஃபிராங்க்," என்றார் லெனார்டு. "இவனப் பாத்துப் பயப்படாத, பேச்சுதான் முரடு. நான் பல வருஷமா இங்கதான். நல்லா பாத்துக்குவாங்க."

ஃபிராங்க் உறையைக் கவுண்டர்மேல் வைத்தார். கையை எடுக்கவில்லை. கொஞ்ச நாள் இங்கே வைத்திருக்க முடியுமா என்று கேட்டார், கொஞ்ச நாள் என்பது எத்தனை நாள் என்று தெரியாது என்றும் சொன்னார்.

முடியும் என்றேன். ரசீதுப் புத்தகத்தைத் தேடப்போனவன் அதை விட்டுவிட்டு, கவுண்டரைச் சுற்றி வெளியே வந்து இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டேன். லெனார்டு அதற்குள் கெட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்.