சாகாத கொசுக்கள்

ஏரியூர்

அன்புள்ள மணிமேகலைக்கு,

இதுவரை வாய்மூடி இருந்தது போதும். நீயும் நம் மகள் தேவிப்பிரியாவும் நலம்தானே? அத்தையின் முழங்கால் வலி குறைந்ததா? நீ என் போனை எடுப்பதில்லை, அதனால்தான் கடிதம்.

ஆடிப்பெருக்குக்கு மகளோடு இங்கே வரப்போவதாக உன் அண்ணன் சொன்னார். வராதே. வருவாய் என்று இரண்டு ஆடி காத்திருந்தவன்தான் சொல்கிறேன்.

எங்கள் மலேரியா ஒழிப்பு வேலையில், மருந்து இன்னும் கொல்கிறதா என்று பார்க்க, மாட்டுக்கொட்டகைகளில் பிடித்த கொசுக்களை, கொசுமருந்து தடவிய காகிதம் சுற்றிய குழாயில் ஒரு மணி நேரம் விடுகிறோம். மறுநாள் அவை செத்துக் கிடக்க வேண்டும். இந்த முறை பாதிக்கு மேல் பறந்தன. அதே மருந்தைத்தான் வீடுவீடாக அடித்தோம். என் மேலதிகாரியான உன் அண்ணனோ, பெண்கள் சுவரை மெழுகி மருந்தை மறைத்துவிட்டதாக அறிக்கையில் எழுதச் சொல்கிறார். என்னை இந்தக் காட்டோரத்துக்கு மாற்றியவரும் அவர்தான், மறக்கவில்லை.

நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரம்மா லூர்துமேரியிடம் கேட்டேன்.

"நீங்க மருந்தடிச்சப்புறம் செவுத்தத் தொடவே இல்லீங்க சார். அதுமேலதான் கொசு ஒய்யாரமா குந்தியிருக்குது. தலகாணி போட்டுத் தரட்டுங்களா?" என்று சிரித்தார். அவர் மகளுக்குக் காய்ச்சல் கண்டதும் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது.

எனக்கும் வந்தது மலேரியாதான். மாத்திரை முடித்துவிட்டேன், பயப்படாதே. வாய்தான் கசக்கிறது, நாரத்தங்காய் ஊறுகாய் இருந்தால் கொஞ்சம் அனுப்பு. என் பழைய போர்வையையும்.

தபால் நிலையம் மூடும் நேரம். எழுதியது யாரென்று உனக்குத் தெரியும்தான். ஆனாலும் கடைசியில் என் பெயரைப் பார்த்தால், பழைய சண்டையை வைத்துத்தான் வராதே என்கிறேன் என்று நினைப்பாய். அதனால் கையெழுத்தில்லாமலே அனுப்புகிறேன். கொசு பிடிக்கும் எவனோ எழுதியதாக எண்ணியாவது மகளை அங்கேயே வைத்திரு.