கூட்டத்தில் வாசிக்காத ராஜினாமா

அன்பான 'என்னங்க'வுக்கு,

நானும் பாப்பாவும் நன்றாக இருக்கிறோம். நீங்களும் உங்கள் வலது முழங்காலும் நன்றாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். முதல் வரியை எழுதிவிட்டு எழுந்து போய் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன். சூடு இல்லை. மதியத் தூக்கம், முக்கால் மணி நேரம் கிடைக்கும். இன்றைக்கு விட்டால் இன்னும் ஒரு வாரம் தள்ளிப்போட்டுவிடுவேன். ஏற்கெனவே எட்டு வாரம் தள்ளிப்போட்டாயிற்று.

பதினாலு மாதம் முடிந்தும் தனியாக நடக்கவில்லை. உங்கள் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். பெடலைச் சுற்றிவிட்டுச் சங்கிலி ஓடுகிற சத்தத்துக்குச் சிரிக்கிறாள். டாக்டரிடம் கேட்டேன். "நடப்பாம்மா, நீங்க பயந்துகிட்டே பாத்தா அவளும் பயப்படுவா" என்றார். பயப்படாமல் பார்ப்பது எப்படி என்று அவர் சொல்லவில்லை. விரல் சங்கிலியில் மாட்டிவிடுமோ என்று பழைய துணியைச் சுற்றி வைத்திருக்கிறேன். வந்ததும் திட்டாதீர்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் ராஜினாமாக் கடிதத்தைக் கூட்டத்தில் வாசித்துவிட்டேன் என்று இரண்டு முறை போனில் சொன்னேன். இரண்டு முறையும் பொய். போன ஞாயிற்றுக்கிழமைதான் வாசித்தேன்.

கவர் வந்த அன்று வாசற்படியில் நின்றபடியே பிரித்தேன். எனக்கு என்று இருந்தது ஒரு துண்டுச் சீட்டு. 'இதைக் கூட்டத்தில் வாசித்துவிடு. பாப்பாவுக்கு முத்தம்.' மற்றது நம் சைக்கிள் சங்கத்துக்கு. 'மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு, பொருள்: தலைவர் பொறுப்பிலிருந்து விலகல்.' கீழே கோடு வேறு. மூன்றாவது பத்தியில், 'எனது பணி ஒப்பந்தம் மேலும் இரண்டு ஆண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டிருப்பதால்' என்று எழுதியிருந்தீர்கள். அடுத்த மாதம் வருவீர்கள் என்று அலமாரியில் உங்கள் பக்கத்தைக் காலி செய்து வைத்திருந்தேன். முப்பது உறுப்பினர்களில் ஒருத்தியாக நின்று அந்த வரியைப் படித்தேன்.

கடிதத்தைக் கைப்பையில் வைத்தேன். கூட்டத்துக்கும் போனேன். அதே மருந்துக்கடை மாடி அறைதான். மருந்துப் பெட்டிகளை ஓரமாகத் தள்ளி, பெஞ்சு போட்டு, சுவரில் நம் பாதை வரைபடம். தலைவர் நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. மருந்துக்கடைக்காரர், துணைத் தலைவர் என்ற முறையில், வழக்கம்போலப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து "தலைவர்கிட்டேருந்து ஏதாவது தகவல் உண்டாம்மா?" என்று கேட்டார். "இல்லைங்க" என்றேன். அவ்வளவுதான். அடுத்த மாதமும் அவர் கேட்டார், நானும் அதையே சொன்னேன்.

விளைவு என்ன என்று உங்களுக்கே தெரியும். ராஜினாமாவைக் கூட்டத்தில் வாசித்தால்தான் செல்லும் என்று விதி எழுதியவரே நீங்கள்தானே. பேக்கரி அண்ணன் தலைவராக இருந்தபோது ஒரே வருஷத்தில் நாலு தடவை போனில் ராஜினாமா செய்து, மறுநாள் பன்னும் கையுமாகத் திரும்பி வந்து நின்றதால் வந்த விதி! வாசிக்காதவரை நீங்கள்தான் தலைவர். உங்கள் கையெழுத்து இல்லாமல் அறுநூறு கிலோமீட்டர் சவாரிக்குப் போலீஸ் அனுமதி கேட்க முடியாது. சவாரி ஒரு முறை தள்ளிப்போனது, மறுபடியும் தள்ளிப்போனது. பயிற்சி எடுத்தவர்கள் எல்லாம் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். நம்ம 'டயர்' இருக்கிறாரே, அவர் வாய் சும்மா இருக்குமா? "கடல் தாண்டிப் போனவருக்கு நம்ம ஞாபகம் எங்க இருக்கப்போகுது? ஒரு கையெழுத்துப் போடக்கூடவா கை வலிக்குது?" என்று என் எதிரிலேயே மருந்துக்கடைக்காரரைப் பிடித்து உலுக்கினார். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். உங்களைத் திட்டுகிறார்கள், அதற்குக் காரணம் என் கைப்பையில் இருக்கிறது. பாப்பாவை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்பீர்கள். அங்கே எல்லோரும் உங்களை இன்னும் 'தலைவர்' என்றுதான் சொல்கிறார்கள். 'தலைவர் வந்ததும் பாத்துக்கலாம்', 'தலைவர்கிட்ட கேட்டுக்கலாம்'. மாதத்துக்கு ஒரு நாள் அதைக் கேட்பதற்காகவே போவேன். வீட்டில் அப்படிச் சொல்ல யார் இருக்கிறார்கள்?

அந்த அறையில் உட்கார்ந்தால் பழசெல்லாம் வரிசையாக வந்துவிடுகிறது. என் முதல் முன்னூறு கிலோமீட்டர் சவாரி நினைவிருக்கிறதா? கல்லூரி முடித்த வருஷம், இரண்டு மணி நேரம் விடாத மழை. பெட்ரோல் பங்க் கூரைக்கு அடியில் மேஜை போட்டு, நேரத்துக்குள் வருகிறவர்களின் அட்டையில் மணியைக் குத்த நீங்கள் முத்திரையும் கையுமாக உட்கார்ந்திருந்தீர்கள். என் பயண அட்டை நனைந்து அப்பளம் மாதிரி வளைந்திருந்தது. நேரம் முடிந்துவிட்டது என்று நினைத்து அழுகிற நிலையில் வந்து நின்றேன். "இன்னும் ஏழு நிமிஷம் இருக்கு சிஸ்டர், மூச்சு விட்டுட்டு அட்டையைக் குடுங்க" என்றீர்கள். சிஸ்டர்! கல்யாணப் பேச்சு வந்தபோது பேக்கரி அண்ணன் அதைச் சொல்லிச் சொல்லியே உங்களைச் சாகடித்தாரே. அந்த அட்டை இன்னும் இருக்கிறது. உங்கள் முத்திரை மட்டும் மை கரைந்து நீலமாகப் பரவியிருக்கிறது. மணி எத்தனை என்று யாருக்கும் படிக்க வராது, எனக்குத் தெரியும்.

கல்யாணத்துக்குப் பிறகு வந்த நானூறு? நீங்கள் வேகமாகப் போகக்கூடியவர், எனக்காகப் பின்னாலேயே வந்தீர்கள். மேட்டில் நான் மூச்சு வாங்கினால் பேச்சை நிறுத்துவீர்கள், இறக்கத்தில் விட்ட இடத்திலிருந்து தொடங்குவீர்கள். அன்றைக்கு என்னதான் பேசினோம் என்று எவ்வளவு யோசித்தும் வரவில்லை. பேச்சு தீரவே இல்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது. இப்போது வாரத்துக்குப் பத்து நிமிஷம் போன், அதிலும் பாதியில் அறுந்துவிடுகிறது. மீதியில் பாப்பாவைக் காட்டவே நேரம் சரியாகிவிடுகிறது. "வாசிச்சியா?" என்று கேட்டீர்கள், "ஆச்சு" என்றேன். இரண்டு வருஷத்தைப் பற்றி நீங்களும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

போன ஞாயிறு மூன்றாவது கூட்டம். பாப்பாவையும் தூக்கிக்கொண்டு போனேன். மருந்துக்கடைக்காரர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். எப்படி எழுந்து நின்றேன் என்று தெரியவில்லை. கடிதத்தை எடுத்து, 'மதிப்பிற்குரிய' என்பதிலிருந்து கையெழுத்து வரை வாசித்தேன். மூன்றாவது பத்தியையும் விடவில்லை. உட்காராமலே, "இது எட்டு வாரமா என் பையில இருந்துச்சு. அவர் நேரத்துக்குத்தான் அனுப்பினார். நான்தான் வாசிக்கல. அவரை யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க" என்றேன்.

டயர்தான் முதலில் வாயைத் திறந்தார். "அப்ப ரெண்டு மாசமா நான் தலைவரைத் திட்டினதெல்லாம் வீணா அண்ணி?"

"எதுவும் வீணாகலப்பா, மொத்தமும் எனக்குத்தான் வந்து சேர்ந்துச்சு" என்றார் மருந்துக்கடைக்காரர். சொல்லிக்கொண்டே மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்து வைத்தார். உங்கள் கடிதத்தின் நகல்! கடைசி வரியில் 'நகல்: துணைத் தலைவர்' என்று நீங்கள் போட்டிருந்ததை நான் பார்க்காமல் இல்லை. நம் சங்கத்தில் நகல் என்று போட்டுவிட்டு இதுவரை யார் அனுப்பியிருக்கிறார்கள்? நீங்கள் நிஜமாகவே அனுப்புவீர்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எனக்கு வந்த அதே வாரம் அவருக்கும் வந்திருக்கிறது.

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. தெரிந்துமா கேட்டுக்கொண்டிருந்தீர்கள் என்றேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ரோட்டுல தூரத்துல ஒரு லைட்டு வருதுன்னா, நேரம் ஆச்சுன்னு மேஜையை மடக்கிடுவோமா? நீ வந்துகிட்டு இருந்தேம்மா. கொஞ்சம் மெதுவா வந்தே, அவ்வளவுதான்."

அப்போதுதான் அழுதேன். பாப்பா என்னைப் பார்த்து அழ, அவளைத் தூக்கிக்கொண்டு போய் மாத்திரைப் பெட்டியைக் குலுக்கிக் காட்டிச் சமாதானப்படுத்தியவர் டயர்.

பிறகு தேர்தல். டயரும் நின்றார், கணக்கு டீச்சரும் நின்றார். அட்டை, முத்திரை எல்லாம் வேண்டாம், போனிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்பது டயரின் கட்சி. டீச்சர் எழுந்து, "நான் எல்லாச் சவாரியிலயும் கடைசி அஞ்சு நிமிஷத்துலதான் வந்து சேர்றேன். அந்த நேரத்துல என் போன்ல உயிர் இருக்கறதில்ல. மேஜைக்குப் பின்னால ஒரு ஆள் உக்காந்திருந்தா போதும்" என்றார். அவ்வளவுதான் அவர் பிரசாரம். பதினேழு கை அவருக்கு, பதினொன்று டயருக்கு. டயர் தோற்ற கையோடு, "சரி டீச்சர், முதல் கையெழுத்து போலீஸ் லெட்டர்ல போடுங்க, என் கால் துரு பிடிக்குது" என்றார். டீச்சர் உங்கள் நாற்காலியில் உட்கார்ந்தார். உயரம் போதாமல் கால் தரையில் படவில்லை. எனக்கு வலிக்கும் என்று நினைத்திருந்தேன். அவ்வளவாக இல்லை.

சவாரி இருபத்திரண்டாம் தேதி. பாதி வழியில் திரும்பும் இடத்து முத்திரை மேஜையை என்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள், பாப்பாவோடு. உங்களைக் கேட்காமலே சரி என்று சொல்லிவிட்டேன். கொசுவலை, ஸ்வெட்டர், இரண்டு பிளாஸ்க் என்று பட்டியல் போட்டாயிற்று.

பாப்பா புரள ஆரம்பித்துவிட்டாள், சுருக்கமாக முடிக்கிறேன். உங்கள் வேலை எனக்குப் புரியாமல் இல்லை. அங்கே கட்டுகிற பாலத்தைப் பாதியில் விட்டுவிட்டு வாருங்கள் என்று கேட்க மாட்டேன். இரண்டு வருஷம் என்பது அவர்கள் கட்டாயப்படுத்தியதா, நீங்களே ஒப்புக்கொண்டதா, எதுவானாலும் எனக்கு என்று ஒரு கடிதம் எழுதுங்கள். 'பொருள்' வேண்டாம், கீழே கோடு வேண்டாம், நகல் யாருக்கும் வேண்டாம். வர முடியாது என்றாலும் எழுதுங்கள், ஆனால் அதை எனக்கு முதலில் எழுதுங்கள். நானும் இனிமேல் 'ஆச்சு' என்று சொல்ல மாட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். முழங்காலுக்கு அந்தத் தைலத்தைத் தேய்க்க மறக்காதீர்கள். சாலையைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் பார்த்துக் கடந்து போங்கள். அங்கே வண்டிகள் எந்தப் பக்கமாக வரும் என்றுகூட நான் இதுவரை உங்களிடம் கேட்டுக்கொள்ளவில்லை.

என்றும் உங்கள்,
பாப்பாவின் அம்மா