மாணிக்கத்தைக் கேளுங்கள்

15.7.1984, ஞாயிறு

சொந்தமாகப் பாட்டுக் கட்டிப் பாடுகிறவர்களில் பண்டமாரான் ஊர் மாணிக்கத்தை அவசியம் கேளுங்கள் என்று போன வாரம் பத்திரிகையில் எழுதினேன். லோரி ஓட்டுபவர். அதைப் படித்துத்தான் கிள்ளான் கோயில் திருவிழாவில் பாட அவரை அழைத்தார்கள். இன்றைய உபயம் அவருடைய முதலாளியுடையது.

பிரேக் பிடிக்காத லோரியில் செத்துப்போன நண்பனைப் பற்றிய பாட்டை எடுத்தார் மாணிக்கம். அது அந்த முதலாளியின் லோரி. இரண்டாம் அடியில் மைக்கை அணைத்தார்கள்.

"சினிமாப் பாட்டு பாடு லா!" என்றார் கோயில் செயலாளர்.

மாணிக்கம் மைக் இல்லாமலே பாடி முடித்தார். முதலாளி மேடையருகே வந்து லோரிச் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

பேருந்து நிறுத்தம் வரை மாணிக்கத்துடன் நடந்தேன்.

"அண்ணே, இனிமே என்னைப் பத்தி நல்லதா எழுதிடாதீங்க."

அடுத்த வாரத்துக்குப் பிரிக்பீல்ட்ஸ் பாடகர் ஒருவரைப் பற்றி எழுதிக் கொடுத்திருக்கிறேன். காலையில் அதை நிறுத்தச் சொல்ல வேண்டும். அவருக்கும் ஒரு முதலாளி இருக்கிறார்.