மாமனின் குறட்டை

அண்ணை,

கற்பூரம் போட்டுக் காய்ச்சிய தேங்காயெண்ணெய் மணக்கிறது. அண்ணி அதை என் மகளின் நெஞ்சில் தடவிவிட்டுப் பக்கத்தில் படுத்திருக்கிறார். கோப்பாய் ஊர் முழுக்க மத்தியான வெயிலில் அடங்கிக் கிடக்க, ஆறு வயதுப் பிள்ளை உங்களைப் போலவே குறட்டை விடுகிறாள்.

நாங்கள் எப்படியெல்லாம் சிரித்தோம். உங்கள் கலியாணத்துக்கு வந்த பெரியப்பா, "தோட்டத்திலை தண்ணி இறைக்கிற மெசினை நிப்பாட்டேல்லையோ?" என்று கேட்டார். "அது மாப்பிள்ளை, நல்ல நித்திரை" என்றார் அம்மா பெருமையாக. நடுவில் சத்தம் நின்று, பிறகு திணறிக்கொண்டு தொடங்குமே, அதையும் பகிடி பண்ணினோம். ஒருநாள் விடிய நீங்கள் எழும்பவில்லை. மாரடைப்பு என்றார்கள்.

இப்போது இவளுக்கும் அதே இடைவெளி. வாயைத் திறந்து, கழுத்தைப் பின்னுக்கு நீட்டி, வியர்த்துக் கிடக்கிறாள். பள்ளிக்கூடத்தில் மேசையிலேயே தூங்கி விழுகிறாளாம். வருகிறவர்கள் "மாமனை உரிச்சு வைச்ச மாதிரி" என்று கன்னத்தைக் கிள்ளும்போது பிள்ளையை இழுத்து மடியில் வைத்துக்கொள்கிறேன்.

போனில் பிடித்த வீடியோவை டொக்டரிடம் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. தொண்டையிலும் மூக்கின் பின்னாலும் சதை வளர்ந்து மூச்சை அடைக்கிறது, எடுக்கவேண்டும் என்றார். அதுவரைக்கும் சரித்துப் படுக்கவைக்க வேண்டும், தடிமன், சளிக்கு என்று நித்திரையாக்கும் பாணி மருந்து கொடுக்கக்கூடாது, மூச்சு நின்றால் உடனே எழுப்பவேண்டும்.

வந்து அண்ணியிடம் சொன்னேன்.

"ஒப்பரேசன் செய்தால் உந்தச் சத்தம் போயிடுமோ?"

"போகத்தானே வேணும், அண்ணி."

அண்ணி எண்ணெய்ப் போத்தலை மூடி வைத்தார். பிறகு சொன்னார்: "உம்மடை அண்ணைக்கு மூச்சு நிண்டால் நான் எழுப்பிறேல்லை. அது தானாத் திரும்பி வரும். அண்டைக்கும் வரும் எண்டுதான் பாத்துக்கொண்டு கிடந்தனான்."

இதை எழுதும்போதே குறட்டை நின்றது. அண்ணி கண்ணை விழித்தபடி அசையாமல் கிடந்தார். நான் ஓடிப்போய்ப் பிள்ளையைப் புரட்டினேன். உதடு நீலம் பாரித்திருந்தது. திணறித் திணறி மூச்சு வந்தது.

"நீர் ஏன் பதறுறீர்? வந்திருக்கும்" என்றார் அண்ணி, மெதுவாக.

அவரில் எனக்குக் கோபமில்லை. உங்களில் அவருக்கு மிஞ்சியது அந்தச் சத்தம்தான். ஆனால் ஒப்பரேசன் முடியும்வரை பிள்ளையை அவரோடு தனியே படுக்க விடமாட்டேன். உங்களுக்குப் பிறகு, நின்ற மூச்சு தானாகத் திரும்பும் என்று என்னால் நம்ப முடிவதில்லை, அண்ணை.