விளக்குக்காரனுக்காகக் கேட்டது

மல்லசமுத்திரம்
ஆவணி கடைசி வெள்ளி

என் அன்புக்குரிய உங்களுக்கு,

பிரவீனா எழுதுவது. வீட்டில் மாமா, அத்தை, நான் மூவரும் சுகம். அங்கே நீங்கள் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கிறீர்களா, வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருக்கிறது.

போனில் பேசும்போது உங்கள் பக்கத்தில் எப்போதும் யாராவது இருக்கிறார்கள். என் பக்கத்தில் அத்தை இருக்கிறார். சாப்பிட்டாச்சா, மழை உண்டா என்று மாறி மாறிக் கேட்டுவிட்டு வைத்துவிடுகிறோம். அதனால்தான் எழுதுகிறேன். உங்கள் ரிக் வண்டி எந்தக் காட்டில் நின்று போர்க்கிணறு தோண்டினாலும் ஞாயிற்றுக்கிழமை டவுனுக்குப் போவீர்கள் அல்லவா, அப்போது இந்த மெயிலை இறக்கி வைத்துக்கொண்டு சாவகாசமாகப் படியுங்கள்.

மாமா இப்போது பால் சொசைட்டிக்கு நடந்தே போய் வருகிறார். அஸ்தம்பட்டி டாக்டர் பார்த்துவிட்டு, இதயம் நன்றாக இருக்கிறது, உப்பை மட்டும் குறையுங்கள் என்றார். பஸ் ஸ்டாண்டுக்கு வந்ததும் மாமா முதல் வேலையாகக் காரச்சேவு வாங்கினார். மாமாவின் ஆபரேஷனுக்கு வாங்கிய கடன் தையோடு தீருகிறதாம், பேங்கில் சொன்னார்கள். கடன் தீர்ந்ததும் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டு நீங்கள் டான்சானியாவுக்குப் போனதை நான் யாரிடமும் ஞாபகப்படுத்துவதில்லை. அத்தைதான் தினமும் காலண்டரைப் பார்க்கிறார்.

இன்னொரு சேதி. கம்ப்யூட்டர் போய்விட்டது. பக்கத்துத் தறிப்பட்டறையில் மோட்டாரை நிறுத்திய நேரமோ என்னவோ, கரண்ட் குதித்து ஏறியது, உள்ளே புகை வந்தது. சேலத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினேன். போர்டும் போச்சு, கார்டும் போச்சு, புதுசே வாங்கிக்குங்க என்றார் கடைக்காரர். நல்லவேளை, ஹார்ட் டிஸ்க் பிழைத்தது. நாம் செய்தது அத்தனையும் அதில் பத்திரமாக இருக்கிறது. நம் கேமில் விளக்குக்காரன் மூன்றாவது ஊரின் வாசலிலேயே நிற்கிறான்.

அதே வாரம் எதிர்வீட்டில் வளைகாப்பு. அத்தை மட்டும் போய் வந்தார். எனக்குக் கம்ப்யூட்டர் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அன்றைக்குக் கம்ப்யூட்டர் மூட்டை கட்டிப் பரணில் கிடந்தது.

பழைய கேம் ரசிகர்கள் கூடும் அந்த இணையதளத்தில் பண உதவி கேட்டு ஒரு வேண்டுகோள் போட்டிருக்கிறேன். எழுதுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. கேட்கிற வார்த்தை ஒன்றுகூட நம் வீட்டில் நான் கற்றுக்கொள்ளவில்லை. கடைசியில் இப்படி எழுதினேன்: “நாங்கள் கணவன் மனைவி இருவர். சின்ன வயதில் நீங்கள் எல்லாரும் விளையாடிய விளக்குக்காரன் கேமைத்தான் நாங்களும் விளையாடினோம். அதைச் செய்த கம்பெனி மூடிப்போய் வெகுகாலம் ஆகிறது. அவன் எங்கள் ஊர்ப்பக்கம் வந்தால் எப்படியிருக்கும் என்று ஆசைப்பட்டு, ஓய்வு நேரத்தில் அதன் தொடர்ச்சியைச் செய்து வருகிறோம். அவர் புரோகிராம் எழுதுகிறார், நான் படம் வரைகிறேன். இது விற்பனைக்கு அல்ல, விற்க எங்களுக்கு உரிமையும் இல்லை. எங்கள் கம்ப்யூட்டர் பழுதாகிவிட்டது. முடிந்தவர்கள் உதவலாம். உதவாதவர்களுக்கும் இதே கேம்தான் கிடைக்கும்.” கீழே சபரிநாதன், பிரவீனா என்று உங்கள் பெயரை முதலில் போட்டேன்.

உங்களிடம் கேட்க வேண்டாம் என்று நினைத்தேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

வெயிலில் துண்டு கட்டிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பிரவீனா


மல்லசமுத்திரம்
ஐப்பசி, அடைமழை

அன்புள்ள உங்களுக்கு,

பிரவீனா வணக்கத்துடன் எழுதுவது. இங்கே மழை நின்றபாடில்லை. குச்சிக்கிழங்கு வயலில் தண்ணீர் நிற்கிறது, மாமா மண்வெட்டியோடு வரப்பை வெட்டிவிடப் போகிறார், அத்தை பின்னாலேயே குடையோடு ஓடுகிறார். நீங்கள் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன ஞாயிறும் அதற்கு முந்தின ஞாயிறும் உங்கள் போன் வரவில்லை. வண்டி ரொம்ப உள்காட்டுக்குப் போயிருக்கும் என்று அத்தையிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

வேண்டுகோளைப் பார்த்துப் பலர் உதவினார்கள். எல்லாம் சின்னச் சின்னத் தொகைதான். ஈரோட்டுப் பெண் ஒருத்தி முதல் சம்பளத்திலிருந்து அனுப்புவதாக எழுதியிருந்தாள். போலந்து நாட்டுக்காரர் ஒருவர், நான் வரைந்து போட்டிருந்த படத்தைப் பார்த்துவிட்டு, உங்கள் ஊரில் பனி பெய்யுமா என்று கேட்டிருந்தார். ஜவ்வரிசி ஆலையில் மாவு காயப்போட்ட களத்தைத்தான் அவர் பனி என்று நினைத்துவிட்டார். சிரித்துக்கொண்டே திரும்பினேன், உங்களிடம் சொல்ல. உங்கள் நாற்காலியில் துவைத்த துணி கிடந்தது.

இனி சொல்லப் போவதைப் பதறாமல் படியுங்கள். திருச்செங்கோட்டில் ஒரு கல்யாணம். மாமா போயிருந்தார். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த உங்கள் பங்காளி ஒருவர் செல்போனை நீட்டியிருக்கிறார். நான் போட்ட வேண்டுகோள் யார் யார் கையிலோ போய் அவரிடமும் வந்திருக்கிறது. “ஏனுங்க மயில்சாமி, மருமவ நெட்டுல காசு கேக்கறாங்களாட்ட இருக்குது. ஊட்டுல ஏதாச்சும் சிரமமுங்களா?” என்று நாலு பேர் காதுபடக் கேட்டிருக்கிறார். மாமா பாதி இலையில் எழுந்து வந்துவிட்டார்.

வந்தவர் சத்தம் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து, “நம்ம ஊட்டுல போட்டுத்தான் பழக்கம் சாமி. கை நீட்டிப் பழக்கமில்ல. அதை அழிச்சுடு” என்றார். சரிங்க மாமா என்றேன். போனை எடுத்து அழிக்கப் போனபோது அத்தை வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

“அழிக்கறது இருக்கட்டும். எதுக்குக் காசு கேட்டேன்னு காட்டு, பாக்கலாம்” என்றார்.

கம்ப்யூட்டர் இல்லையே. வேண்டுகோளோடு சேர்த்துப் போட்டிருந்த சின்ன வீடியோவைக் காட்டினேன். விளக்குக்காரன் கிழங்குக் காட்டு வரப்பில் நடந்து வருவான், அவ்வளவுதான். அத்தை கண்ணாடி இல்லாமல் போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு பார்த்தார். “மறுக்கா போடு” என்றார். போட்டேன். பிறகு மெதுவாக, “இது சபரி நடக்கறாப்பல இருக்குதே” என்றார்.

உங்களிடமும் நான் சொன்னதில்லை. நீங்கள் ஊரில் இருந்தபோது பால் கேனோடு வரப்பில் வந்ததைப் போனில் பிடித்து வைத்திருந்தேன். வலது தோள் கொஞ்சம் இறங்கும், கால் வைத்த பிறகு ஒரு நொடி நிற்பீர்கள். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் அவனுடைய நடையை வரைந்தேன். அத்தையிடம், ஆமாங்க அத்தை, அவரேதான் என்றேன். அத்தை திரும்பத் திரும்பப் போடச் சொன்னார். எப்போது வந்தாரோ, மாமாவும் எங்கள் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மாட்டுக்குச் சோளத்தட்டு போடப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் காபித் தம்ளரை வைக்கும்போது, என் முகத்தைப் பார்க்காமல், “அது கெடந்துட்டுப் போகட்டும், அழிக்காதே” என்றார்.

இப்போது சாப்பாடு முடிந்ததும் அத்தை என் போனை வாங்கிக்கொள்கிறார். வேறு எதுவும் பார்ப்பதில்லை. நீங்கள் அடுத்த முறை கூப்பிடும்போது அத்தையிடம் கொஞ்சம் கூடுதலாகப் பேசுங்கள்.

உங்கள் குரலுக்காகக் காத்திருக்கும்,
பிரவீனா


மல்லசமுத்திரம்
மார்கழி

அன்புள்ள உங்களுக்கு,

முதலில் நல்ல சேதி. வந்த உதவியில் சேலத்தில் ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கிவிட்டேன். ஆட்டையாம்பட்டி வரைக்கும் பஸ்ஸில் மடியிலேயே வைத்திருந்தேன், பிறகுதான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் மேலே தூக்கி வைத்தார். கொஞ்சம் மெதுவாகத்தான் ஓடுகிறது. ஆனாலும் விளக்குக்காரன் வாசலைத் தாண்டிவிட்டான். நீங்கள் எழுதி வைத்திருந்த பகுதிகளில் எனக்குப் புரியாத இடங்களை ஈரோட்டுப் பெண்ணிடம் கேட்டுக்கொள்கிறேன்.

போன வாரம் தளத்தில் பெரிய உதவி ஒன்று வந்தது. மற்ற எல்லாருடையதையும் சேர்த்தாலும் அந்த அளவு வராது. பெயர் இல்லை, ஒரு ரசிகர் என்று மட்டும் இருந்தது. கூடவே இரண்டு வரி: “அவசரமில்லை, நிதானமாகச் செய்யுங்கள். மலைக்கோட்டைப் படியில் திரும்பும்போது விளக்கு கை மாறிவிடுகிறது, அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.”

கேமில் மலைக்கோட்டைப் படி வரும் காட்சியை நான் இன்னும் ஒருவருக்கும் காட்டவில்லை. அந்தத் தவறு தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர்.

எனக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை. போன் வராத ஞாயிறுகளுக்கெல்லாம் சேர்த்து நீங்கள் பேசிவிட்ட மாதிரி இருந்தது. இவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது என்று அப்போது எனக்கு யோசிக்கத் தோன்றவில்லை.

சந்தையில் சரிதாவைப் பார்த்தேன். உங்கள் வண்டியிலேயே இருக்கும் ஜெயபிரகாஷ் அண்ணனின் மனைவி. அண்ணன் தைக்கு வருகிறாராம், வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் தேடிக்கொண்டிருந்தாள். நானும் சிரித்துக்கொண்டே, அப்போ இவரும் வந்துடுவாருங்க என்றேன். அவள் முகம் மாறிவிட்டது. “உங்களுக்குத் தெரியாதுங்களா அக்கா? அவரு மறுக்கா ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டாராமா. அட்வான்சுகூட வாங்கிட்டாருன்னு இவரு சொன்னாருங்க” என்றாள். பாவம், சொல்லிவிட்டு அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. நான் தக்காளி வாங்காமல் வந்துவிட்டேன்.

நீங்கள் என்ன நினைத்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். கட்டினவன் சம்பாதிக்கும்போது ஊராரிடம் கேட்டுவிட்டாளே, நம் சம்பாத்தியம் போதவில்லை என்றுதானே அர்த்தம் என்று நினைத்திருப்பீர்கள். அதனால்தான் போன் வரவில்லை. அதனால்தான் அந்த அட்வான்ஸ் பணம் பெயரில்லாமல் தளத்துக்கு வந்தது.

அப்படி இல்லைங்க. உங்களிடம் கேட்டால் அன்றைக்கே அனுப்பியிருப்பீர்கள். அனுப்பியதை ஈடுகட்ட இன்னும் நாலு மாதம் அங்கே இருந்துவிட்டு வருகிறேன் என்பீர்கள். சைக்கிள் கேட்ட தங்கைக்கு, கூரை மாற்றக் கேட்ட சித்திக்கு, எல்லாருக்கும் அப்படித்தான் செய்தீர்கள். நான் கேட்காமல் இருந்தால் நீங்கள் சொன்னபடி தையில் வருவீர்கள் என்று நினைத்தேன். முன்பின் தெரியாத ஆட்கள் முன்னால் கை நீட்டியது அதற்காகத்தான். அவர்கள் கொடுத்தால் என் நாள் ஒன்றும் குறையாது. நீங்கள் கொடுத்தால் இரண்டு வருடம் போய்விடுகிறது.

இதை முதல் கடிதத்திலேயே எழுதியிருக்கலாம். வெட்கமாக இருந்தது. உங்களைப் பார்க்க வேண்டும் என்று எழுத ஒரு மனைவிக்கு என்ன வெட்கம் என்று கேட்காதீர்கள், இருந்தது.

அந்தப் பணத்தில் ஒரு ரூபாயும் தொடவில்லை. தளத்துக்காரர்களுக்கு எழுதி, வந்த வழியிலேயே திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டேன். இந்தக் கடிதத்தை நீங்கள் இறக்கிப் படிப்பதற்கு முன்னால் அது உங்கள் கணக்குக்கு வந்திருக்கும். புது வருடக் கணக்கு ஆரம்பிப்பதற்குள் அட்வான்சைத் திருப்பிக் கட்டினால் கையெழுத்தை ரத்து செய்துவிடுவார்களாம். சரிதா போனில் அண்ணனிடம் கேட்டுச் சொன்னாள். நீங்கள் கோபத்தில் அண்ணனோடு சண்டை போட வேண்டாம், நான்தான் கேட்கச் சொன்னேன்.

மாமாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். “என் நெஞ்சைத் தைக்கறதுக்குப் போனவன், அது தைச்சு ஆறியும் போச்சு. இன்னும் எதுக்கு அங்க கெடக்கறான்? அப்பன் வரச் சொன்னான்னு எழுது சாமி” என்றார். அத்தை எதுவும் எழுதச் சொல்லவில்லை. உங்கள் கட்டிலுக்குப் புதுக் கயிறு வாங்கி வந்து வைத்திருக்கிறார்.

இங்கே வந்து என்ன செய்வது என்று யோசிப்பீர்கள். திருச்செங்கோட்டில் நீங்கள் வைத்திருந்த கம்ப்யூட்டர் கடை பழையபடி ஓடாமல் போகலாம். கிழங்கு விலை விழலாம். எனக்கு அதற்கெல்லாம் பதில் தெரியாது. கேமை முடித்தாலும் அதில் ஒரு பைசா வரப்போவதில்லை, அதுவும் உங்களுக்குத் தெரியும். ஆனால் ஒரு ஆள் புரோகிராம் எழுதும்போது இன்னொரு ஆள் பக்கத்தில் உட்கார்ந்து படம் வரைந்த அந்த வீடு எனக்கு வேண்டும். உங்கள் இரண்டு வரியில் அவசரமில்லை என்று இருந்தது. எனக்கு அவசரம். முப்பத்து மூன்று வயதாகிறது எனக்கு. இதற்கு மேல் விளக்கமாக எழுத வராது.

வருகிற ஞாயிறு டவுனுக்குப் போனதும் உங்கள் ரிக் கம்பெனி மேனேஜரைப் பாருங்கள். பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள். தேதி தெரிந்ததும் மாமாவுக்கோ அத்தைக்கோ போன் செய்ய வேண்டாம், எனக்கு மட்டும் ஒரு வரி எழுதுங்கள். அவர்களுக்கு நான் அடுத்த நாள் சொல்லிக்கொள்கிறேன். ஒரு நாள் முழுக்க அந்தத் தேதி எனக்கு மட்டும் தெரிந்திருக்கட்டும்.

அர்த்தநாரீஸ்வரர் உங்களை நல்லபடியாகக் கொண்டு வந்து சேர்க்கட்டும்.

உங்கள்,
பிரவீனா