நடுகல்லுக்காகக் கத்தி ஓங்கிய சம்பந்திக்கு

சம்பந்தி,

இன்று காலை கறிக்கடையில் பாய் கத்தி தீட்டினார். அந்தச் சத்தத்தில் நான் இரண்டடி பின்னால் நகர்ந்துவிட்டேன். "இன்னா சார், கத்தின்னா பயமா?" என்று சிரித்தார். "கத்திக்கு இல்ல பாய், எங்க சம்பந்திக்கு" என்றேன். அவருக்குப் புரியவில்லை.

நம் பேரனுக்குக் காது குத்திய நாள். உங்கள் ஊர் மலையடியில் இருக்கும் நடுகல்லுக்குத்தான் உங்கள் வீட்டில் முதல் பொங்கல். பெண்கள் வருவதற்குள் இடத்தைக் கூட்டிவைக்கலாம் என்று நாம் இருவரும் ஆட்டையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு முன்னால் போனோம். பத்தாவதில் கணக்கில் கோட்டைவிட்டு, ஆம்பூர் ஷூ கம்பெனியில் சோல் ஒட்டிக் காலம் தள்ளியவன் நான். எனக்கு அது ஒரு சாமிக்கல், அவ்வளவுதான். நீங்கள்தான் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தீர்கள்: "மாட்ட மீட்கப் போயி செத்தவன் சம்பந்தி. எண்ணெ ஊத்தக் கூடாது, பெயிண்ட் அடிக்கக் கூடாது. எழுத்து பூடும்."

போய்ப் பார்த்தால், மூன்று பேர் கல்லின் அடியைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். புதையலாம்.

"டேய், யார்ரா நீங்க?" என்று அதட்டினீர்கள்.

"பெருசு, பேஜார் பண்ணாத. பங்கு வேணும்னா நில்லு, இல்லன்னா போய்னே இரு."

சொல்லிக்கொண்டே ஒருவன் கடப்பாரையால் நெம்பினான். கல் சாய்ந்து பாறையில் மோதியது. மார்பில் அம்போடு நின்ற வீரனின் தலை தனியாகத் தெறித்து விழுந்தது.

ஜோலார்பேட்டையில் தண்டவாளத்துக்குச் சம்மட்டி அடித்த கை உங்களுடையது. முதல் அறையில் ஒருவனுக்குப் பல் எகிறியது. இன்னொருவன் மண்வெட்டிக் காம்பால் உங்கள் மண்டையைப் பிளந்தான். ரத்தம் கண்ணில் வழிய வழிய அடித்தீர்கள். நானும் வீரமாக ஒருவன்மேல் பாய்ந்தேன். அவன் விலகிக்கொண்டான். பட்டு வேட்டியோடு குழிக்குள் விழுந்தேன்.

எழுந்தபோது இரண்டு பேர் ஓடியிருந்தார்கள். கடப்பாரைக்காரன் உங்கள் முழங்காலுக்கு அடியில் கிடந்தான். ஆட்டுக்கு வைத்திருந்த கத்தி உங்கள் கையில்.

"அண்ணா, உட்ருண்ணா... பொண்ணு இருக்குதுண்ணா..."

"அவன் தலைய எடுத்தல்ல? ஒன் தலைய வெச்சிட்டுப் போடா."

கத்தி இறங்கியது. பிடித்தேன். பதற்றத்தில் வெட்டும் பக்கத்தையே பிடித்துவிட்டேன். எலும்பு வரை போனது. என் அலறலில் ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது.

"யோவ், மூள இருக்குதாய்யா ஒனக்கு? மணிக்கட்டப் புடிக்கணும்யா!"

சம்பந்தி மரியாதையெல்லாம் அன்றோடு போயிற்று. அவனைக் கொல்ல எழுந்த கோபம் முழுக்க என்மேல் திரும்பியது. அந்த இடைவெளியில் அவன் நொண்டிக்கொண்டே தப்பித்தான். ஒரே ஆஸ்பத்திரியில் உங்களுக்கு மண்டையில் தையல், எனக்குக் கையில். பேரனைவிட நான்தான் ஜாஸ்தி அழுதேன் என்று உங்கள் வீட்டம்மா ஊரெல்லாம் சொன்னார்.

ஊர்க்காரர்கள் சிமெண்ட் குழைத்தபோது சட்டியை எட்டி உதைத்தீர்கள். தொல்லியல் ஆட்கள் வந்து உள்ளே கம்பி வைத்துத் தலையைச் சேர்க்கும் வரை, அதைத் துண்டில் சுற்றி உங்கள் கட்டிலுக்கடியில் வைத்திருந்தீர்கள். வீரன் நிமிர்ந்து நின்றதைப் பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடினீர்கள்.

இப்போது அந்த இடத்தைக் கூட்டுவதும் கல்லுக்குக் காவலும் நான். போன வாரம் ஒரு வாலிபன், வீரனின் வயிற்றில் ஆணியால் தன் காதலி பெயரைக் கீறிக்கொண்டிருந்தான். என்ன நடந்தது என்று தெரியவில்லை சம்பந்தி. ஒரு கையில் அவன் சட்டைக் காலர், இன்னொரு கையில் தலை அளவுக்கு ஒரு பாறாங்கல். நானா? குழிக்குள் விழுந்தவனா?

அவனும் "அண்ணா" என்றுதான் கெஞ்சினான். பாறாங்கல்லை ஓங்கியபடி நின்றேன். யாராவது பிடிப்பார்கள் என்று பக்கத்தில் பார்த்தேன்.

யாருமில்லை. நானேதான் மெதுவாக இறக்கி வைக்க வேண்டியிருந்தது.