கீழ் லயத்தைப் பூட்டிய அண்ணனுக்கு

அண்ணே,

நலமா என்று கேட்டுத் தொடங்க எனக்கு மனம் வரவில்லை. கோபத்தோடுதான் உட்கார்ந்திருக்கிறேன். உன் பென் டிரைவ் என் கணினியில் செருகியபடி இருக்கிறது. அதன் துளையில் நீ கட்டிய சிவப்பு நூல்கூட அவிழவில்லை. திரையில், நாற்பத்து மூன்று கோப்புகளைக் காணவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு பெட்டி வந்து நிற்கிறது. தேடவா, விட்டுவிடவா என்று வேறு கேட்கிறது. கீழே ஒரு பட்டியல். எல்லாம் நீ வைத்த பெயர்கள். "அம்மா சிரிச்சது." "மழ வந்திருச்சு." "ஆசாரி முழிக்கிறாரு." "பாப்பா மடியில ஒண்ணு." "பாப்பா மடியில ரெண்டு." ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சிவப்புப் பெருக்கல் குறி.

"இதுல எல்லாமே இருக்கு தங்கச்சி, பத்திரமா வையி" என்று சொல்லித்தானே கொடுத்தாய்? பெயர்கள் எல்லாமே இருக்கின்றன அண்ணே. படம்தான் ஒன்றுகூட இல்லை.

எட்டு வருடம் அந்த வீடியோ வெட்டும் மென்பொருளில் வேலை செய்தாய். அது சேமித்துத் தரும் கோப்பில் படம் இருக்காது, எந்தப் படத்தை எங்கிருந்து எடுத்து எதுவரை வெட்ட வேண்டும் என்ற குறிப்பு மட்டும்தான் இருக்கும் என்று உனக்குத் தெரியவே இல்லையா? சாமான் பட்டியலைத் துண்டில் எழுதி வைத்துவிட்டு, சாமான் வாங்கியாச்சு என்று நினைத்த மாதிரி இருக்கிறது. உன் மடிக்கணினியிலேயே திறந்து, அதிலேயே மூடியதால் உனக்கு எதுவும் காணாமல் போகவில்லை. நான் இணையத்தில் பத்து நிமிடம் தேடியதில் விஷயம் விளங்கிவிட்டது. விளங்கி என்ன செய்வது?

அந்த மடிக்கணினியை அண்ணி திருத்தும் கடையில் கொடுத்தார்கள். கடைக்காரன் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டுத் தந்தான். நான் அண்ணியிடம் சண்டைக்கே போனேன். அண்ணி அமைதியாகச் சொன்னார்கள். "மிஷின் இழுத்துக்கிட்டுக் கெடந்துச்சுங்க. அழிக்கலாமான்னு கடையில கேட்டாங்க. நான் ஒங்களுக்குத்தானே போன் போட்டேன்? அண்ணன் எல்லாத்தையும் பென் டிரைவ்ல குடுத்துட்டாரு, தாராளமா அழிக்கச் சொல்லுங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?"

நான்தான் சொன்னேன். உன்னை நம்பிச் சொன்னேன். அதனால் இந்தக் கோபத்தில் முதல் பங்கு உனக்குத்தான்.

உனக்கு இந்தப் பைத்தியம் தம்புள்ளையில் பிடித்தது. மொத்த மரக்கறிச் சந்தையில் கடைக்கணக்கப்பிள்ளையாக இருந்தபோது, கலேவெலயிலிருந்து கத்தரிக்காய் ஏற்றி வரும் ஒரு லொறிக்காரர் அவருடைய மகள் கல்யாண வீடியோவைத் தானே வெட்டி ஒட்டியதைக் காட்டினாராம். மென்பொருளையும் அவர்தான் உனக்குப் போட்டுக் கொடுத்தார். அடுத்த போயா விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தபோது நீ அதைப் பற்றித்தான் பேசினாய். "எவனோ ஒருத்தன் எந்த நாட்டுலயோ குந்திக்கிட்டு இத எழுதியிருக்கான் தங்கச்சி. எழுதி, யார் வேணும்னாலும் எடுத்துக்கங்க, பிடிக்கலைன்னா மாத்திக்கங்கன்னு வச்சிட்டான். ஒளிக்கல மறைக்கல. இப்படியும் மனுசங்க இருக்காங்க பாரு." சாமி கும்பிட்டுவிட்டு வந்தவன் முகம் மாதிரி இருந்தது உன் முகம். எனக்குச் சிரிப்பு வந்தது.

ஆனால் அதற்கு நீ வைத்த பெயர்தான் எனக்குப் பிடிக்கவில்லை. திரையில் கீழ்ப்பாதியில் படமும் சத்தமும் கோடு கோடாக ஒன்றன்கீழ் ஒன்றாகக் கிடக்குமே, அதைக் காட்டி என் வீட்டுக்காரருக்கு நீ பாடம் நடத்தினாய். "இது மேல் லயம், மாப்பிள்ள. படமெல்லாம் இங்க குடியிருக்கு. இது கீழ் லயம், சத்தமெல்லாம் இங்க. ஒவ்வொண்ணும் ஒரு காம்பரா." அவர் நன்றாகச் சிரித்தார். நான் மேசைக்கடியில் உன் காலை மிதித்தேன். புடவைக் கடைக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு, டவுன் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருக்கும் நான், தோட்டத்துக் கூலிக்காரர்களின் ஒற்றையறை வரிசை வீடுகளில், கீழ் லயத்து ஏழாவது காம்பராவில் பிறந்தவள் என்பதை நீ எதற்காக அங்கே கொண்டுவர வேண்டும்? அவருக்கு அது தெரியும்தான். தெரிந்தாலும் சொல்லிக் காட்ட வேண்டுமா என்று அன்றைக்கு நினைத்தேன்.

பிறகு என் மகளுக்குக் காது குத்தினோம். தோட்டத்து மாரியம்மன் கோயிலில். அவளுக்கு அப்போது இரண்டு வயது. தாய்மாமன் மடியில்தானே உட்கார்த்த வேண்டும்? நீ வேட்டி கட்டிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாய். போனை மட்டும் விடவில்லை. "வேற யாராச்சும் புடிக்கட்டும்டா" என்று அம்மா கத்தியும் கேட்கவில்லை. ஒரு கையால் பிள்ளையை அணைத்து, மறுகையால் போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, நீயே எடுத்தாய். அதனால் அந்தப் படத்தில் பிள்ளையின் உச்சி தெரிகிறது, ஆசாரியின் விரல் தெரிகிறது, உன் முழங்கால் தெரிகிறது. உன் முகம் இல்லை. எந்தப் படத்திலும் உன் முகம் இல்லை என்பதை நீ போன பிறகுதான் நாங்கள் கண்டுபிடித்தோம். எல்லாப் படத்திலும் நீ போனுக்குப் பின்னால் நின்றிருக்கிறாய்.

ஒரு காது முடிந்து மறு காதுக்குப் போகும்போது பிள்ளை வீரிட்டது. அம்மா ஆசாரியை விளாசினார்கள். "யோவ் ஆசாரி, புள்ள காதா, பலாக்காயாய்யா? மெல்லக் குத்துய்யா, ஒங்கையி வெளங்காமப் போக!" தோட்டத்துச் சனம் எல்லாம் கொல்லென்று சிரித்தது. என் மாமியாரும் நாத்தனாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வை என் முதுகில் பட்ட இடம் இன்னும் எனக்குத் தெரியும்.

அடுத்த வாரம் நீ வெட்டிக்கொண்டிருந்தபோது உன் வீட்டுக்கு வந்தேன். "அம்மா கத்துறத எடுத்துரு. அவங்க வீட்டு டீவில போடுறதுக்கு இது. அசல் லயத்துச் சண்ட மாதிரியே இருக்கு" என்றேன்.

"அம்மாவோடத மட்டும் எடுக்கவா?"

"எல்லாத்தையும் எடு. ஒன்னோடதுந்தான். நாதஸ்வரம் போடு, அதுதான் லட்சணம்."

"சத்தத்த எடுத்துட்டா காது குத்துன மாதிரியே இருக்காது தங்கச்சி."

"நான் சொல்றதக் கேளுண்ணா."

நீ சிரித்தாய். "சரி, கீழ் லயத்தப் பூட்டியாச்சு" என்று ஒரு பொத்தானை அமுக்கினாய். பொட்டென்று அம்மாவும் நீயும் ஆசாரியும் கோயில் மணியும் வாயடைத்துப் போனீர்கள். அதோடு முடிந்ததா? அதற்குப் பிறகு நான் கேட்காமலேயே எல்லா வீடியோவிலும் கீழ் லயத்தைப் பூட்டினாய். பொங்கலுக்குப் பாட்டு, திருவிழாவுக்குப் பாட்டு, அம்மாவின் கண் ஆபரேஷன் முடிந்து கட்டவிழ்த்த அன்றைக்குக்கூடப் பாட்டு. எங்கள் வீட்டில் எல்லோரும் பாராட்டினார்கள். நானும்தான் பாராட்டினேன்.

வாயை மூடிக்கொண்டே இருக்க உனக்கு அப்படியென்ன ஆசை? மூன்று நாளாக நெஞ்சு வலித்ததாம். சந்தையில் கூட வேலை செய்பவரிடம் சொல்லியிருக்கிறாய், எங்களிடம் சொல்லவில்லை. தம்புள்ளையிலிருந்து பஸ்ஸில் வருகிறவன் நாவுலயில் இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம். வீட்டுக்குப் போய்ப் படுத்தால் சரியாகிவிடும் என்று உட்கார்ந்தே வந்திருக்கிறாய். மாத்தளையில் எல்லோரும் இறங்கிய பிறகும் நீ இறங்கவில்லை. பாவி.

போன மாதம் மகள், நீ பாட்டுச் சேர்த்து முடித்துக் கொடுத்த அந்தக் காதுகுத்து வீடியோவைப் போட்டுப் பார்த்தாள். அவளுக்கு இப்போது பத்து வயது. ஓர் இடத்தில் நிறுத்தி என்னைக் கூப்பிட்டாள். "அம்மா, இங்க பாருங்க. நான் அழுதுகிட்டே இருக்கேன். திடீர்னு மேல மாமாவப் பாக்குறேன். ஒடனே அழுகைய நிப்பாட்டிடுறேன். மாமா என்னமோ சொல்லியிருக்காங்க. என்ன சொன்னாங்க?"

நானும் பார்த்தேன். உண்மைதான். வாய் பிளந்து அழுகிற பிள்ளை அண்ணாந்து உன்னைப் பார்க்கிறது, வாயை மூடுகிறது, கண்ணில் தண்ணீரோடு சிரிக்கிறது. ஆசாரி மறு காதைக் குத்துகிறார், அவளுக்கு அது தெரியவே இல்லை. பின்னால் நான் கேட்டு வாங்கிய நாதஸ்வரம் காதைக் கிழிக்கிறது.

அம்மாவிடம் கேட்டேன். "ஏதோ சொன்னான். யாருக்குடி நெனவிருக்கு" என்றார்கள். அண்ணி அன்றைக்குச் சமையல் பக்கம் நின்றார்கள். ஆசாரி இப்போது உயிரோடு இல்லை. நான் உன் பக்கத்தில் ஒரு முழத் தூரத்தில்தான் நின்றேன் அண்ணே, ஆனால் மாமியார் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் காதில் எதுவுமே விழவில்லை.

அதற்குத்தான் இந்தப் பென் டிரைவைத் திறந்தேன். நீ சத்தத்தை அழிக்கவில்லை, பூட்டித்தான் வைத்தாய் என்று எனக்குத் தெரியும். அந்தப் பொத்தானை இன்னொரு முறை அமுக்கினால் போதும், நீ பேசுவாய் என்று நினைத்தேன். பொத்தான் இருக்கிறது. அமுக்கினேன், பூட்டும் திறந்தது. உள்ளே யாரும் இல்லை.

சும்மா விடவில்லை. அண்ணி வீட்டு அலுமாரி முழுக்கத் தேடினோம். உன் பழைய போன் கிடைத்தது, செத்துப் போயிருந்தது. அதிலிருந்த மெமரி கார்டில் ஒரேயொரு வீடியோ மிஞ்சியிருந்தது. காதுகுத்து இல்லை. எங்கள் புது வீட்டுக்குக் குடிபுகுந்த அன்றைக்கு எடுத்தது. பத்தொன்பது விநாடி. நீ வெட்டாதது, பாட்டுப் போடாதது.

வாசலில் அம்மா, அண்ணி, தோட்டத்துச் சித்தி எல்லோரும் நிற்கிறார்கள். "படிய இம்புட்டு ஒசரமா கட்டியிருக்காங்களே, எங்காலுக்கு ஏறுமாடி?" என்று அம்மா கேட்க, எல்லோரும் சிரிக்கிறார்கள். அப்போது போனுக்குப் பின்னாலிருந்து உன் குரல், ரகசியமாக. "ஸ்ஸ், தங்கச்சி வர்றா. யாரும் பேசாதீங்க. அப்புறம் எல்லாத்தையும் வெட்டச் சொல்லுவா." அவ்வளவுதான். தோட்டத்துத் தொரை வந்த மாதிரி அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டு வரிசையாக நிற்கிறார்கள். நான் பட்டுச் சேலையும் தாம்பாளமுமாக வருகிறேன். போனைப் பார்த்து அழகாகச் சிரிக்கிறேன். உள்ளே போகிறேன்.

உன் குரல் என்று இந்த உலகத்தில் இருப்பது இதுதான் அண்ணே. என்னைப் பார்த்துப் பயந்து மற்றவர்களை வாயை மூடச் சொன்ன அந்த ஐந்தாறு விநாடி.

உன் வருடத் திதிக்கு அதைத்தான் போட்டேன். சாப்பாடு முடிந்து எல்லோரும் கூடியிருந்தார்கள். மாமியார், "பின்னால ஒரு பக்திப் பாட்டு சேர்த்திருக்கலாமே" என்றார்கள். நான் டீவியின் சத்தத்தைக் கடைசி வரைக்கும் கூட்டி வைத்தேன். உன் குரல் சபை முழுக்கக் கேட்டது. அம்மா நாற்காலியிலிருந்து முன்னால் சாய்ந்து டீவியைப் பார்த்துக் கத்தினார்கள். "பேசுனா என்னடா? பேசுனா அவ என்ன செஞ்சிருவா?" அம்மாவை யாரும் அடக்கவில்லை. நானும் அடக்கவில்லை.

அதையேதான் நானும் கேட்கிறேன். நான் என்ன செஞ்சிருப்பேண்ணே? நாலு நாள் பேசாம இருந்திருப்பேன், அஞ்சாம் நாள் வந்திருப்பேன். சந்தையில அத்தன யாவாரிகள அதட்டுனவனுக்கு, சொந்தத் தங்கச்சியப் பாத்து, போடி இவளே, நாங்க இப்படித்தான் பேசுவோம்னு ஒரு வார்த்த சொல்ல வாயி வரலியா? நான் சொன்னா அப்படியே செஞ்சிருவியா நீ?

நேற்று மாலை நான் அடுப்படியிலிருந்து முன்னறைக்கு வந்தேன். மகளும் உன் மகளும் கணினிக்கு முன்னால் உட்கார்ந்து ஏதோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் என் மகள் உதட்டில் விரலை வைத்தாள். "ஸ்ஸ், தங்கச்சி வர்றா. யாரும் பேசாதீங்க." அசல் நீதான். அந்த ரகசியம், அந்த இழுவை, "வர்றா" என்பதில் ஒரு சிரிப்பு. எத்தனை தடவை போட்டுக் கேட்டிருந்தால் பிள்ளைக்கு இப்படிப் படிந்திருக்கும்! எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது, அடிக்கக் கையை ஓங்கிவிட்டேன். பிள்ளைகள் பயந்துபோய்ப் பார்த்தார்கள்.

ஓங்கிய கையோடு நின்றபடி, "இன்னொரு தடவ சொல்லு" என்றேன்.